கட் ஆஃபிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: திருப்பூர் – தூத்துக்குடி கண்டெய்னர் ஓட்டம்

என் மேஜைக்கு எதிரே ஆறடி நீள வெள்ளைப் பலகை ஒன்று தொங்குகிறது. இடது ஓரத்தில் கப்பலின் பெயர், வலது ஓரத்தில் கட் ஆஃப் மணி. நடுவில் இருப்பதுதான் என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரு டிரெய்லர் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக வண்டி அனுப்பும் வேலை பார்க்கிறேன். வாரத்துக்குச் சராசரியாக அறுபது கண்டெய்னர். முக்கால்வாசி திருப்பூர்ப் பின்னலாடை. மீதி பொள்ளாச்சித் தென்னை நார்த்தூள், கோவில்பட்டித் தீப்பெட்டி என்று கலந்து வரும். இந்த மேஜைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் முழுக்க வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் தொண்டையாவது மிஞ்சும் என்று தோன்றியது.

முதலில் கட் ஆஃப். அது கப்பல் புறப்படும் நேரம் அல்ல. அந்தக் கப்பலுக்கான கண்டெய்னர் துறைமுக முனையத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டிய கடைசி நேரம். தூத்துக்குடியிலிருந்து போகும் கண்டெய்னர்களில் பல, ஃபீடர் என்னும் சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. இங்கே அரை மணி தவறினால் அங்கே ஒரு வாரம் தவறலாம். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்ததும், தொழிற்சாலைக்காரர் கையில் வைத்திருந்த உபரி நாட்களைக் கடல் தின்றுவிட்டது. அந்த நெருக்கடி நேராக எங்கள் பலகைக்குத்தான் வந்து சேர்ந்தது.

நிற்கிற நேரத்தைப் பிடியுங்கள்

வண்டி தாமதமானால் ஓட்டுநரை அழைத்து, "எங்கே வருகிறீர்கள், கொஞ்சம் வேகமாக வாருங்கள்" என்று சொல்வதை இந்த மேஜைக்கு வருகிற எல்லாரும் முதல் வாரத்தில் செய்கிறார்கள். நானும் செய்தேன். இப்போது யாராவது அப்படிப் பேசினால் கையிலிருந்து போனை வாங்கிவிடுவேன். கணக்கைப் பாருங்கள். திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர். சரக்கேற்றிய டிரெய்லர் மணிக்குச் சராசரி 35 கிலோமீட்டர் போகும். ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உயிரைப் பணயம் வைத்து 40 ஆக்கினால் எட்டு மணி நேரம். மிச்சம் ஒரு மணி. அதே வண்டி தொழிற்சாலை வாசலில் "இன்னும் கொஞ்சம் பேக்கிங் இருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியத்துக்காக ஐந்து மணி நேரம் நின்றிருக்கும். அந்த ஐந்தைப் பற்றி யாரும் யாரையும் அழைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் சுற்றை எப்போதும் கடைசியிலிருந்து எண்ணுங்கள். வியாழன் மாலை ஆறு மணி கட் ஆஃப் என்று வையுங்கள். நான் அதை ஆறு மணியாகப் பலகையில் எழுதுவதில்லை, காலை ஆறு என்றே எழுதுவேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் என் கையிருப்பு. டயர் வெடிப்பதற்கும் கேட் வரிசைக்கும் தாளில் வரும் பிழைக்கும் அது தேவைப்படும். வியாழன் காலை ஆறுக்குத் தூத்துக்குடி என்றால், புதன் இரவு எட்டுக்குத் திருப்பூரை விட வேண்டும். ஏழுக்குச் சீல் போட்டிருக்க வேண்டும். மூன்றரை மணி நேர ஏற்றுதல் என்றால் மாலை மூன்றரைக்குத் தொடங்க வேண்டும். வண்டி இரண்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். காலி கண்டெய்னர் தூத்துக்குடியை விடிகாலை நான்கு மணிக்கு விட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள், செவ்வாய் மாலை, காலி கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் எம்ப்டி யார்டிலிருந்து பெட்டி வெளியே வந்திருக்க வேண்டும். ஆக வியாழன் கப்பலின் வேலை செவ்வாய் மதியமே தொடங்கிவிடுகிறது. புதன் காலையில் "வியாழன் கப்பலுக்கு ஒரு வண்டி வேண்டும்" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்லப் பழகுங்கள். பழக எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

முனையம் கேட்டைத் திறக்கும் நாளும் ஒன்று உண்டு. அதற்கு முன் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். வண்டி வெளியே கிடந்து வாடகை தின்னும். கப்பல் பிந்தினால் திறப்பும் பிந்தும். ஆகவே காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கப்பல் நிலவரத்தைப் பார்த்துப் பலகையைத் திருத்துவது, பல் துலக்குவது மாதிரி. மறந்தேன் என்ற பேச்சே இல்லை.

எத்தனை வண்டி வேண்டும்

ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். வாரத்துக்கு ஒரு வண்டி மூன்று நடை அடிக்கும். நான்கு அடிக்கும் என்று சொல்கிறவர் வண்டியைப் பட்டறைக்கே விடாதவர். அறுபதை மூன்றால் வகுத்தால் இருபது. பட்டறையில் இரண்டு நிற்கும் என்று சேர்த்தால் இருபத்திரண்டு. முதலாளிகளுக்குப் பிடித்த கணக்கு இது.

ஆனால் கண்டெய்னர்கள் வாரம் முழுக்கச் சீராக வருவதில்லை. எங்களுக்கு வியாழன், வெள்ளிக் கப்பல்கள்தான் பெரியவை. அறுபதில் நாற்பது செவ்வாய் முதல் வியாழனுக்குள் விழும். அந்த மூன்று நாளில் ஒரு வண்டி ஒன்றரை நடைதான். நாற்பதை ஒன்றரையால் வகுத்தால் இருபத்தேழு. திங்களன்று வண்டிகள் வரிசையாக நின்று வெயில் காயும். புதனன்று வெளியார் வண்டிக்கு இரண்டு பங்கு வாடகை கொடுத்துக் கெஞ்சுவோம். ஐந்து வண்டி வாங்குவதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. சனி, ஞாயிறு, திங்களில் ஏற்றித் தருகிற தொழிற்சாலைக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்தபோது ஐந்தாறு ஏற்றுமதியாளர்கள் முன்வந்தார்கள். அந்தச் சரக்கு கேட் திறக்கும் வரை எங்கள் யார்டிலேயே இறங்கி இருக்கும். இழுவை வண்டி அடுத்த நடைக்குப் போய்விடும்.

காலி கண்டெய்னரைப் பார்த்து எடுங்கள்

நாற்பதடி ஹைகியூப் கண்டெய்னர் ஒன்பதரை அடி உயரம். பின்னலாடைக்கு எடை ஒரு பொருட்டல்ல; இடம்தான் முதலில் நிறையும். அதனால் எல்லாருக்கும் ஹைகியூப்தான் வேண்டும். நெருக்கடிக் காலத்தில் யார்டில் மிஞ்சுவது யாரும் எடுக்காமல் கழித்துவிட்ட பெட்டிகள். அதில் ஒன்றை உங்கள் ஓட்டுநர் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

எங்களிடம் ஓர் அண்ணாச்சி ஓட்டுகிறார், அறுபதை நெருங்கியவர். யார்டில் பெட்டியை வண்டியில் ஏற்றும் முன் அவர் உள்ளே போய் நிற்பார். கிளீனர் பையன் வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்துவான். கும்மிருட்டு. ஒரு நிமிடம் கண் பழகட்டும் என்று அசையாமல் இருப்பார். பிறகு தலையை உயர்த்தி கூரையின் நான்கு மூலைகளையும், பக்கச் சுவரின் மடிப்புகளையும், கதவு ரப்பரின் ஓரத்தையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஒருநாள் உள்ளே இருந்தபடியே என்னை அழைத்தார். "தாயி, நட்சத்திரம் தெரிகிறது" என்றார். கூரையில் குண்டூசித் தலையளவு ஓட்டை. வேறு பெட்டி கேட்டோம்; ஒரு மணி நேரம் போயிற்று. அந்த மாதம் வடகிழக்குப் பருவமழை. ஓட்டை உள்ள பெட்டியில் தொள்ளாயிரம் அட்டைப்பெட்டி பருத்தி டி-ஷர்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் பார்த்தபின் மூக்கு. முன்பு என்ன ஏற்றியிருந்தார்கள் என்று தரைப் பலகை சொல்லிவிடும். மீன்தூளோ ரசாயனமோ மணந்தால் துணிக்கு ஆகாது. தரையில் எண்ணெய்க் கறை, நீட்டிய ஆணி, ஈரம் மூன்றையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக் கம்பி நான்கும் மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் இருக்கும் நசுங்கலெல்லாம், பெட்டி கைமாறும்போது அதன் நிலையைக் குறிக்கும் ஈ.ஐ.ஆர். தாளில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுதாத நசுங்கலுக்குக் காசு கொடுப்பது நீங்கள்தான்.

இறக்குமதிப் பஞ்சு ஏற்றி திண்டுக்கல், உடுமலைப் பக்க மில்லுக்குப் போன கண்டெய்னரை அங்கேயே காலி செய்து, அப்படியே திருப்பூருக்கு இழுத்துப்போய் ஏற்றுமதி ஏற்றலாம். முந்நூறு கிலோமீட்டர் வெறும் ஓட்டம் மிச்சமாகும். கப்பல் நிறுவனமும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவர்கள் எழுத்தில் அனுமதி தர வேண்டும், பெட்டி துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றும் கூடிவருவது அபூர்வம். கூடிவந்தால் விடாதீர்கள்.

"ரெடி" என்ற சொல்

திருப்பூரில் "சரக்கு ரெடி" என்பதற்கு எனக்குத் தெரிந்து நான்கு பொருள் உண்டு. அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டி அடுக்கியாயிற்று என்பது ஒன்று. அட்டைப்பெட்டியில் போட்டாயிற்று, ஆனால் வாங்குபவரின் ஆள் வந்து இறுதிச் சோதனை முடிக்கவில்லை என்பது இன்னொன்று. அயர்ன் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மூன்றாவது. நான்காவது, நீங்கள் வண்டியை அனுப்பினால்தான் உள்ளே இருப்பவர்கள் வேகமாக வேலை செய்வார்கள் என்பது. நான்காவது வகைக்குத்தான் என் வண்டிகள் அதிகம் பலியாகின்றன.

அதனால் நான் "ரெடியா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "மொத்தம் எத்தனை அட்டைப்பெட்டி, அதில் டேப் ஒட்டித் தரையில் அடுக்கியது எத்தனை, சோதனை முடிந்ததா, நாளை சுமைக்காரர்கள் எத்தனை பேர்?" இந்த நான்கு கேள்வி மட்டும்தான். தொள்ளாயிரத்தில் எழுநூறு தரையில் இருக்கிறது என்றால் வண்டியை விடலாம். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மீதி வந்துவிடும். நானூறு என்றால் விடாதீர்கள். நான்கு சுமைக்காரர்கள் இருந்தால் மூன்றரை மணி நேரம். இரண்டு பேர்தான் என்றால் ராத்திரியாகிவிடும். அதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வாசலுக்கு வந்த மணியையும் வெளியே போன மணியையும் தொழிற்சாலைக் காவலர் கையெழுத்தோடு டிரிப் ஷீட்டில் வாங்கி வரச் சொல்லுங்கள். வண்டி நின்ற நேரத்துக்கான கூலியை, ஹால்ட்டிங்கை, கேட்கும்போது பேசுவது அந்தத் தாள்தான், நீங்கள் அல்ல.

புதிய தொழிற்சாலை என்றால் முதல் நடைக்கு முன் யாராவது பைக்கில் போய் வழியைப் பார்த்துவர வேண்டும். ஹைகியூப் பெட்டி டிரெய்லர் மேல் உட்கார்ந்தால் தரையிலிருந்து பதினான்கு அடிக்கு மேல் போகும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கேபிள் டிவி வயர், கோயில் அலங்கார வளைவு, புளியமரக் கிளை எல்லாம் படத்தில் தெரியாது. வண்டியின் மொத்த நீளம் ஐம்பதடியைத் தாண்டும். தெரு முனையில் ஒரு டீக்கடைப் பந்தல் நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பாது. ஒருமுறை கடைக்காரர் பந்தலைப் பிரித்துக் கொடுத்து, வண்டி போனபின் மறுபடி கட்டினார். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார், பந்தலுக்கு வாங்கவில்லை.

பதினோராவது எழுத்து

என் வேலையில் நான் செய்த பெரிய தவறு ஒரு எண்ணில்தான் நடந்தது. மழை நாள், போனில் சத்தம். ஓட்டுநர் சொன்ன கண்டெய்னர் எண்ணில் கடைசிக்கு முந்தைய இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். அதே எண் கப்பல் முகவருக்குப் போயிற்று, சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதித் தாளான ஷிப்பிங் பில்லில் ஏறிற்று, கேட் நுழைவுப் படிவத்திலும் ஏறிற்று. வண்டி கேட்டில் நின்றபோது திரையில் இருந்த எண்ணும் பெட்டியில் எழுதியிருந்த எண்ணும் வேறு. திருத்தம் செய்து முடிக்கையில் கட் ஆஃப் கடந்து மூன்று மணி நேரம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்ட ஒற்றை இலக்கம் ஒன்று. அந்தக் கடைசி இலக்கம் மற்ற பத்திலிருந்து கணக்கிட்டு வருவது. எழுத்துகளுக்கு ஏ என்றால் 10, பி என்றால் 12 என்று மதிப்பு உண்டு. 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிவிடுவார்கள். முதல் இடத்தை 1 ஆல், அடுத்ததை 2 ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டிப்பாகப் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 வந்தால் 0. பாடத்தில் காட்டும் எண்ணையே எடுங்கள்: சி எஸ் கியூ யூ 305438. கூட்டினால் 6185, பதினொன்றால் வகுத்தால் மீதி 3. ஆகவே பெட்டியில் 305438-3 என்று இருக்கும். நான் செய்தது போல 305483 என்று எழுதினால் கூட்டு 4905, மீதி 10, கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும். 3 இருக்கிறதே என்று உடனே பிடிபட்டிருக்கும். இதைக் கணினியில் ஒரு கட்டத்தில் எழுதிவைத்தால் போதும்; தவறான எண் சிவப்பாகும். அதோடு, எண்ணைப் போனில் வாயால் வாங்குவதையும் நிறுத்துங்கள். கதவின் புகைப்படம் வர வேண்டும்.

மற்ற தாள்கள் வேகமாக. எடைச் சான்று இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அப்படித்தான். கண்டெய்னரின் வெற்று எடை கதவில் எழுதியிருக்கும், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். மின்னணுச் சீல் போடும் தொழிற்சாலை என்றால் சீல் எண், பெட்டி எண், வண்டி எண், ஷிப்பிங் பில் எண் நான்கும் வண்டி வாசலை விடும் முன் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. தாளான இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆயுள். திருப்பூர் ஓட்டத்துக்கு இரண்டு நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதாகி வேறு இழுவை வண்டி மாற்றினால் அதில் வண்டி எண் இருக்கும் பகுதி பி-யில் புதிய எண்ணை உடனே மாற்றுங்கள். காலாவதியாகும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். தீப்பெட்டி ஏற்றினால் அது ஆபத்தான சரக்கு. நான்கு பக்கமும் எச்சரிக்கைப் பட்டை ஒட்ட வேண்டும், முனையத்தில் அதற்கென்று தனி நேரமும் தனி ஏற்பாடும் உண்டு. பனியன் கண்டெய்னரோடு சேர்த்து ஒரே மூச்சில் திட்டமிடாதீர்கள்.

ஓட்டுநர்கள்

மேலே நான் எண்ணிக் காட்டிய சுற்றில் ஒரு பொய் இருக்கிறது. விடிகாலை நான்கு மணிக்குத் தூத்துக்குடியை விட்ட ஆளே அன்றிரவு எட்டுக்குத் திருப்பூரிலிருந்து திரும்ப ஓட்டினால், இருபத்தாறு மணி நேரத்தில் இருபது மணி நேரம் சக்கரத்தின் பின்னால் இருப்பார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. சட்டத்தை விடுங்கள், பந்தல்குடி, எட்டயபுரம் சாலையில் விடியற்காலை மூன்று மணிக்கு அவர் கண்ணைப் பற்றி யோசியுங்கள். எங்கள் அப்பா அந்தத் தூக்கத்தில் ஒருமுறை பள்ளத்தில் இறங்கினார். கால் மட்டும் போயிற்று என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள்.

நாங்கள் கண்டுபிடித்த வழி மதுரை வளையச் சாலை. தூத்துக்குடி ஓட்டுநர் காலிப் பெட்டியோடு வருவார். திருப்பூர்ப் பக்க ஓட்டுநர் சரக்கோடு வருவார். இருவரும் சந்தித்து வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுப் பக்கம் திரும்புவார்கள். இழுவையும் பெட்டியும் பிரிவதில்லை, ஆள் மட்டும் மாறுகிறார். ஆகவே இ-வே பில்லில் கை வைக்க வேண்டியதில்லை, சீல் விவரமும் மாறாது. சரியாகப் பாதி வழி இல்லை. திருப்பூர்ப் பக்கம் முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடுதல், அதற்குப் படி கூட்டித் தருகிறோம். முதலில் எதிர்த்தவர் நட்சத்திரம் பார்த்த அண்ணாச்சிதான். "என் வண்டியை இன்னொருவன் கையில் கொடுப்பதா" என்றார். வீட்டுச் சோறும் வீட்டுத் தூக்கமும் மூன்று வாரத்தில் அவரை மாற்றிவிட்டன. கண்ணாடியை மட்டும் யாரும் அசைக்கக் கூடாது என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டிவைத்திருக்கிறார்.

நாள்காட்டியும் வானமும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய பத்து நாள் திருப்பூர் மொத்தமும் ஒரே வாரத்தில் ஏற்றப் பார்க்கும். அதே வாரத்தில்தான் ஓட்டுநர்களும் ஊருக்குப் போகக் கேட்பார்கள். விடுப்பு யாருக்கு எப்போது என்று ஒரு மாதம் முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். ஆயுதபூஜைக்கு வண்டி ஓடாது, கேட்கவும் வேண்டாம். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, தூத்துக்குடிக்கு உள்ளூர் விடுமுறை. அதைச் சென்னையில் இருந்து கப்பல் தேதி சொல்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

மழை எச்சரிக்கை வந்தால் என் விதி ஒன்றே: மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் ஒரு வண்டியும் இருக்கக் கூடாது. வந்தால் முழுதாக உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் மதுரைக்கு வடக்கே நிற்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று ஏழு வண்டியை வளையச் சாலையில் நிறுத்திவைத்தோம். வாடிக்கையாளர்கள் முதல் நாள் மாலை திட்டினார்கள்; மறுநாள் தொலைக்காட்சி பார்த்தபின் யாரும் அழைக்கவில்லை.

அழிப்பதற்கு முன்

கேட்டைத் தாண்டி உள்ளே போன கண்டெய்னரைப் பலகையிலிருந்து உடனே அழிக்காதீர்கள். உள்ளே போனது என்றால் கப்பலில் ஏறியது என்று பொருள் அல்ல. எடை மிகுந்தோ, சுங்க அனுமதி பிந்தியோ, கப்பலில் இடம் இல்லாமலோ சில பெட்டிகள் கரையிலேயே தங்கிவிடும்; ஷட் அவுட் என்பார்கள். கப்பல் கிளம்பியபின் முகவரிடமிருந்து வரும் பட்டியலில் எண்ணைத் தேடிப் பார்த்தபின்தான் நான் துணியை எடுக்கிறேன்.

ஒன்றிரண்டு விடுபட்டிருந்தால் அந்த நிமிடமே ஏற்றுமதியாளரை அழைத்துச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும். வாங்குபவர் வெளிநாட்டிலிருந்து கேட்டு அவர் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள். அடுத்த கப்பலின் பெயரையும் அதன் கட் ஆஃப் மணியையும் கையில் வைத்துக்கொண்டே எண்ணைச் சுழற்றுங்கள்; அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.